பாரன் தீவு எரிமலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமான் கடலில் ஆள் குடியில்லாத சின்னத் தீவு ஒன்று இருக்கிறது. பெயர் பாரன். இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அதுதான். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே "சுனாமி வருமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதற்கான பதிலும் கீழே உண்டு. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு பாரனை முடித்துவிடுவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. ஒரு எரிமலை தன்னைத்தானே எப்படிக் கட்டி, இடித்து, மறுபடி கட்டுகிறது என்பதை நம் கடலிலேயே பார்க்கக் கிடைத்திருக்கும் இடம் அது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

பாரன் தீவு சரியாக எங்கே இருக்கிறது?

போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தள்ளி. வரைபடத்தில் அந்தமான் தீவுகள் தெற்கு வடக்காக ஒரு கோடு போல நீண்டிருக்கும் அல்லவா? அந்தக் கோட்டில் பாரன் இல்லை. அதற்குக் கிழக்கே, நடுக்கடலில் தன்னந்தனியாக ஒரு புள்ளியாக நிற்கிறது. மக்கள் வாழும் இடங்களில் அதற்கு அருகில் உள்ளவற்றுள் ஒன்று ஹேவ்லாக், அதாவது இன்றைய ஸ்வராஜ் தீவு. அதுவே கிட்டத்தட்ட 100 கி.மீ. தூரம். சென்னையிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 1,480 கி.மீ.

எவ்வளவு பெரிய தீவு? பார்க்க எப்படி இருக்கும்?

சின்னதுதான். ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்குச் சுமார் 3 கி.மீ. நடை, அவ்வளவே. அந்த நடையை நடக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஒரு பெரிய கிண்ணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு உயரமாக, வட்டமாக இருக்கிறது. மேற்குப் பக்கத்தில் மட்டும் விளிம்பு உடைந்து ஒரு வாசல் போலத் திறந்திருக்கிறது. கிண்ணத்தின் நடுவே கரிக்குவியல் மாதிரி ஒரு கூம்பு. வட்டச் சுவர்தான் பழைய எரிமலையின் மிச்சம், நடுவில் இருக்கும் கூம்பு இன்றைய எரிமலை. சுவரின் உயரமான இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 355 மீட்டர். கிண்ணத்தின் வாய் அகலம் ஏறக்குறைய 2 கி.மீ. கூம்பு கக்கும் குழம்பு மூன்று பக்கமும் சுவரில் முட்டிக்கொண்டு, கடைசியில் மேற்கு வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. தீவின் படத்தைப் பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் கறுப்பாக, கரடுமுரடாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் நாம் பார்ப்பது நுனியை மட்டும்தான். இந்த மலையின் அடிவாரம் கடலுக்குக் கீழே சுமார் 2,250 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அடியிலிருந்து உச்சி வரை கணக்குப் போட்டால் 2,600 மீட்டர் வரும். ஊட்டியின் தொட்டபெட்டா அளவுக்கு ஒரு மலை, அதில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. "சின்னத் தீவு" என்று நானும் மேலே சொன்னேன். தீவுதான் சின்னது, எரிமலை சின்னதல்ல.

அங்கே ஏன் ஓர் எரிமலை வந்தது?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நாம் நிற்கும் இந்தியப் புவித்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்தமானுக்கு மேற்கே அது பர்மாத் தட்டு என்ற சிறிய தட்டோடு மோதுகிறது. நேருக்கு நேர் மோதாமல், சாய்வாக உரசிக்கொண்டே அதன் அடியில் செருகுகிறது. செருகுவது கடலடித் தட்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலுக்கடியில் கிடந்து நீரில் ஊறிய பாறை அது. நீர் வெறுமனே விரிசல்களில் தேங்கி நிற்கவில்லை. பாறையின் கனிமங்களுக்குள்ளேயே பிணைந்திருக்கிறது.

தட்டு கீழே போகப் போக அழுத்தமும் வெப்பமும் கூடுகின்றன. சுமார் 100 கி.மீ. ஆழத்துக்குப் போகும்போது அந்த நீரைப் பாறையால் பிடித்துவைக்க முடிவதில்லை. நீர் கழன்று மேலே ஏறி, மேலுள்ள சூடான மூடகப் பாறைக்குள் (பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள அடுக்கு) நுழைகிறது. மூடகப் பாறை ஏற்கெனவே கடுஞ்சூட்டில்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஆழத்து அழுத்தத்தில் உருகாமல் இறுகிக் கிடக்கிறது. நீர் கலந்ததும் அதன் உருகுநிலை இறங்குகிறது. சூடு கூடாமலேயே பாறை உருகத் தொடங்குகிறது. அப்படி உருகியது சுற்றியுள்ள பாறையைவிட இலேசு, அதனால் மேலே ஏறுகிறது. அதுதான் மாக்மா.

கடல்நீர்தான் எரிமலைக்குக் காரணம் என்றால் முதலில் நம்பச் சிரமமாக இருக்கும். நெருப்பையும் நீரையும் எதிரிகளாகவே நினைத்துப் பழகிவிட்டோம். பாரனில் இரண்டும் கூட்டாளிகள்.

மோதும் கோட்டிலிருந்து பாரன் ஏன் கிழக்கே அவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. செருகும் தட்டு சாய்வாக இறங்குகிறது. அது நீரை விடும் ஆழத்தை எட்டுவதற்குள் கிடைமட்டமாகவும் வெகுதூரம் போய்விடுகிறது. அந்த இடத்துக்கு நேர் மேலேதான் எரிமலைகள் முளைக்கும். தெற்கே சுமத்ராவின் எரிமலைகள், பாரன், அதற்கு வடக்கே நார்கொண்டம், மியான்மரின் போப்பா மலை என்று எல்லாம் ஒரே வளைவில் வரிசையாக நிற்பது அதனால்தான்.

அப்படியென்றால் அந்தமான் தீவுகள் எல்லாமே எரிமலைகள்தானா?

இல்லை. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பெரிய அந்தமான் தீவுகள் வேறு வகை. இந்தியத் தட்டு கீழே செருகும்போது அதன் மேல் படிந்திருந்த வண்டலையும், கடலடிப் பாறைத் துண்டுகளையும் மேல்தட்டின் முனை சுரண்டி எடுத்துக் குவித்திருக்கிறது. தோசைக்கரண்டியால் கல்லைச் சுரண்டும்போது முனையில் குவியுமே, அந்த மாதிரி. அந்தக் குவியல் கடலுக்கு மேலே எழும்பியதுதான் அந்தமான். மியான்மரின் அரக்கான் மலைத்தொடரோடு அதற்கு உறவு உண்டு, பாரனோடு அந்த வகையில் உறவு இல்லை.

அந்தமானின் பாரட்டாங் தீவில் இருக்கும் சேற்று எரிமலை?

பெயரில் மட்டும்தான் எரிமலை. பூமிக்கடியில் சிக்கிய இயற்கை வாயு, நீரையும் களிமண்ணையும் கூட்டிக்கொண்டு வெளியே வருகிறது. கொப்புளம் கொப்புளமாகச் சாம்பல்நிறச் சேறு பொங்கும். உருகிய பாறைக்கு அங்கே வேலை இல்லை.

பாரனின் கல் எப்படிப்பட்டது?

பெரும்பாலும் பசால்ட், கொஞ்சம் பசால்ட் கலந்த ஆண்டிசைட். சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) குறைவான, கறுத்த எரிமலைப் பாறைகள் இவை. சிலிக்கா குறைந்தால் குழம்பு இளக்கமாக இருக்கும், ஓடும், வாயு எளிதில் வெளியேறும்.

ஒரு துண்டு எரிமலைக் கசடைக் கையில் எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, சில இடத்தில் செங்கல் நிறம். பார்க்கும் அளவுக்குக் கனம் இருக்காது, ஏனென்றால் உள்ளே முழுக்க ஓட்டை. குழம்பில் கரைந்திருந்த வாயு, சோடா மூடியைத் திறந்ததும் நுரைப்பதுபோல நுரைத்து, நுரை அடங்குவதற்குள் கல் உறைந்துவிட்டது. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குமிழி இருந்த இடம். ஓட்டைகளுக்கு நடுவே வெள்ளையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரிந்தால் அவை பிளேஜியோகிளேஸ் படிகங்கள். இளம்பச்சையாகக் கண்ணாடித் துணுக்கு மாதிரி மின்னினால் அது ஒலிவின். இந்தப் படிகங்கள் வெடிப்பின்போது உண்டானவை அல்ல. அதற்கு முன்பே, பூமிக்கடியில் மாக்மா தங்கியிருந்த அறையில் மெதுவாக வளர்ந்தவை. ஒரே கல்லில் இரண்டு காலம் இருக்கிறது: படிகம் நிதானமாக வளர்ந்த காலமும், சுற்றியுள்ள கறுப்பு சட்டென்று உறைந்த நொடியும்.

ஓடி உறைந்த லாவாவின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது. உள்ளே குழம்பு நகர நகர, மேலே இறுகிய ஓடு உடைந்து, கூரான கட்டிகளாக ஒன்றன்மேல் ஒன்று உருண்டு கிடக்கும். கால் வைத்தால் கட்டி புரளும், விழுந்தால் கையைக் கிழிக்கும்.

அந்தப் பெரிய கிண்ணம் எப்படி உருவானது?

கால்டெரா என்று அதற்குப் பெயர். ஒரு காலத்தில் அங்கே இன்றைய கூம்பைவிட மிகப் பெரிய எரிமலை இருந்தது. ஒரு பெரும் வெடிப்பில் அடியிலிருந்த மாக்மா அறை காலியாக, தாங்க ஆளில்லாமல் மேலே இருந்த மலை உள்ளே சரிந்துவிட்டது. இது நடந்தது பனியுகங்களின் பிற்பகுதியில். மனிதர் எழுதிவைக்கத் தொடங்கியதற்கு வெகு காலம் முன்பு.

கிண்ணத்தின் சுவர்தான் எனக்கு இந்தத் தீவிலேயே மிகவும் பிடித்த பகுதி. வெடிப்புப் படங்களைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள், சுவரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் வரலாறு முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஓர் அடுக்கு லாவா, அதன் மேல் ஓர் அடுக்கு சாம்பலும் கசடும், மறுபடி லாவா. இடையிடையே மழைநீர் சாம்பலைக் கரைத்துச் சேறாக இழுத்துவந்து போட்ட படிவுகள். ஒவ்வோர் அடுக்கும் ஒரு வெடிப்பு, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே ஓர் ஓய்வு. மலை தன் உள்புறத்தைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறது.

முதல் வெடிப்பு 1787இல் என்று படித்தேன். சரியா?

பதிவான முதல் வெடிப்பு 1787. முதல் வெடிப்பு அல்ல. இந்த வித்தியாசத்தை வலியுறுத்தியே ஆக வேண்டும்.

1787இல் எரிமலைக்குப் புதிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களும் நில அளவையாளர்களும் அந்தமான் கடலைக் கவனிக்கத் தொடங்கிய காலம் அது. பார்த்து எழுதிவைக்க ஆள் வந்தார்கள், அவ்வளவுதான். அதற்கு முன்பும் இந்தக் கடலில் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் "மாநக்கவாரம்" என்று நிக்கோபார் வருகிறதே. ஆனால் நிக்கோபார் வழி தெற்கே இருக்கிறது, பாரன் அங்கிருந்து வடக்கே வெகுதூரம். கடலோடிகள் எத்தனையோ பேர் தொலைவில் புகையைப் பார்த்திருக்கக்கூடும். ஏட்டில் ஏறியது 1787இல்தான்.

அப்புறம் என்ன நடந்தது?

1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் தீவுக்கு அருகே போனார். போர்ட் பிளேருக்குப் பெயர் கொடுத்த அதே பிளேர்தான். எரிமலை உக்கிரமாகப் பொங்கிக்கொண்டிருந்தது, பெரும் புகைத்திரளும் செந்தணலாய்க் கற்களும் வந்து விழுந்தன என்று எழுதியிருக்கிறார். அவற்றில் சில மூன்று நான்கு டன் எடை இருக்கும் என்பது அவர் மதிப்பீடு. ஒரு காரைத் தூக்கி எறிந்தால்கூட அந்த எடை வராது.

1795இலும், 1803-04இலும் வெடிப்புகள் பதிவாகியிருக்கின்றன. பின்பு 1852. அதற்குப் பிறகு மலை அடங்கிவிட்டது.

அடங்கியது ஒரே நாளில் அல்ல. மேற்கு வாசலில், லாவா கடலைத் தொடும் இடத்தில் ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போனவர்கள் அது கொதிக்கக் கொதிக்க இருந்ததாகச் சொன்னார்கள். பின்னால் போனவர்கள் அளந்தபோது ஒவ்வொரு முறையும் சூடு குறைந்துகொண்டே வந்தது. மேலே விழும் மழைநீர் லாவாவின் இடுக்குகளில் இறங்கி, உள்ளே இன்னும் ஆறாத கல்லைத் தொட்டுவிட்டுக் கரையில் வெளிவருகிறது. அந்த நீரின் சூட்டை வைத்தே மலையின் சூடு இறங்குவதைப் பின்தொடர முடிந்தது. காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோலத் தலைமுறை தலைமுறையாக வந்து தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

1884இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மாலெட்டும், நில அளவைத் துறையின் ஹாப்டேயும் சேர்ந்து போய்த் தீவை ஒழுங்காக அளந்தார்கள். மாலெட் 1885இல் வெளியிட்ட அறிக்கைதான் பாரனையும் நார்கொண்டத்தையும் பற்றிய முதல் முழுமையான ஆய்வு.

1991இல் மீண்டும் விழித்தது எப்படி?

1852ஐக் கடைசியாக வைத்தால் கிட்டத்தட்ட 140 ஆண்டு உறக்கம். "அணைந்த எரிமலை" என்று பலர் நினைத்துப் பழகிவிட்ட நேரம். 1991 வசந்த காலத்தில் தீவிலிருந்து புகை எழுவது தெரிந்தது. பிறகு லாவா வழிந்து, 1803-04ஆம் ஆண்டுப் பழைய லாவாவின் மேலேயே ஓடி, அதே மேற்கு வாசல் வழியாகக் கடலைத் தொட்டது. சுமார் ஆறு மாதம் நீடித்தது.

ஓர் எரிமலைக்கு 140 ஆண்டு என்பது ஒன்றுமே இல்லை. நமக்கு அது ஐந்தாறு தலைமுறை, மலைக்கு அது ஒரு கண் அயர்வு. ஒரு எரிமலையை "செத்துவிட்டது" என்று சொல்ல நூறு இருநூறு ஆண்டு மௌனம் போதாது என்பதைப் பாரன் நம் கண்முன்னே காட்டியது.

தீவின் உயிர்களுக்குப் பெரிய அடி. 1993 ஏப்ரலில் போய்ப் பார்த்த ஆய்வுக் குழு, அங்கே முன்பு அறியப்பட்டிருந்த 16 பறவை இனங்களில் ஆறை மட்டுமே கண்டது.

அதற்குப் பிறகு எத்தனை முறை வெடித்தது?

1994-95இல் ஒரு முறை. 2005 மே மாதக் கடைசியில் தொடங்கி 2007 வரை விட்டுவிட்டு இன்னொரு முறை. அதன் பிறகு கணக்கு வைப்பதே கடினம், ஏனென்றால் சில மாதம் அமைதி, சில மாதம் புகை என்று போய்க்கொண்டே இருக்கிறது. 2017இல், 2018இல், 2025 செப்டம்பரில்கூடச் சிறு வெடிப்புகள் இருந்தன. 1993இல் தீவில் ஒரு கலங்கரை விளக்கம் அமைத்தார்கள். பின்வந்த வெடிப்புகள் அதை அழித்துவிட்டன.

2004 நிலநடுக்கம்தான் 2005 வெடிப்பைத் தூண்டியதா?

தூண்டியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் அளவு 9.1. சுமத்ராவிலிருந்து அந்தமானின் வடகோடி வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குத் தட்டின் விளிம்பு கிழிந்தது. பாரன் அந்தக் கிழிசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஐந்து மாதம் கழித்து வெடித்தது. அவ்வளவு பெரிய உலுக்கலில் மாக்மா அறையைச் சுற்றியுள்ள அழுத்தம் மாறினால், ஏற்கெனவே தயாராக இருக்கும் குழம்புக்கு வழி கிடைக்கும். இது ஏற்கத்தக்க விளக்கம்தான்.

ஆனால் என் கருத்தைக் கேட்டால், "தயாராக இருந்த" என்ற சொல்லுக்குத்தான் அழுத்தம் கொடுப்பேன். 1991இலும் 1994இலும் அப்படியொரு பெரு நிலநடுக்கம் முன்னால் நடக்காமலேயே பாரன் வெடித்தது. அது 1991 முதலே விழித்திருக்கும் மலை. நிலநடுக்கம் நேரத்தை முன்னுக்கு இழுத்திருக்கலாம், எரிமலையை உண்டாக்கவில்லை. இந்த இரண்டையும் கலந்துவிட்டால், ஒவ்வொரு சிறு நடுக்கத்துக்கும் "பாரன் வெடிக்கப்போகிறது" என்று செய்தி கிளம்பிவிடும்.

வெடிக்கும்போது உண்மையில் எப்படி இருக்கும்? யாராவது பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்களா?

2017 ஜனவரி 23 அன்று கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் சிந்து சங்கல்ப் என்ற ஆய்வுக் கப்பலில் தீவுக்கு அருகே கடலடி வண்டல் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எரிமலையைப் பார்க்கப் போகவில்லை, வேறு வேலையாகப் போயிருந்தார்கள். திடீரென்று மலை சாம்பலைக் கக்கத் தொடங்கியது. கப்பலைச் சுமார் ஒரு மைல் தூரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, உட்கார்ந்து கவனித்தார்கள்.

ஒவ்வொரு பொங்கலும் ஐந்து முதல் பத்து நிமிடம். பிறகு நிற்கும். மறுபடி தொடங்கும். பகலில் தெரிந்தது வெறும் சாம்பல் மேகம்தான். பொழுது சாய்ந்த பிறகுதான் கூம்பின் வாயிலிருந்து சிவப்பாக லாவா பீறிட்டு எழுவதும், சரிவில் கோடு கோடாக வழிவதும் கண்ணுக்குத் தெரிந்தன. பகலிலும் அதே லாவாதான் வந்துகொண்டிருந்தது, வெயிலில் அதன் ஒளி எடுபடவில்லை.

அந்த விட்டுவிட்டுப் பொங்கும் தாளத்துக்குக் காரணம் வாயு. குழாயில் நிற்கும் இளக்கமான குழம்புக்குள் சின்னக் குமிழிகள் சேர்ந்து பெரிய குமிழியாகி, மேலே வந்து உடைகின்றன. உடையும்போது மேலே உள்ள குழம்பைப் பிய்த்து வீசுகின்றன. கொதிக்கும் கூழ் "டப் டப்" என்று தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே கதைதான். இத்தாலியின் ஸ்ட்ராம்போலி எரிமலை இப்படியே பொங்குவதால் இவ்வகை வெடிப்புக்கு அதன் பெயரே வந்துவிட்டது. பிளேர் பார்த்த செந்தணல் கற்களும் இப்படி வீசப்பட்டவைதாம்.

அன்று எடுத்த மாதிரிகளில் நிலக்கரித் துண்டு போலக் கறுத்த எரிமலைத் துணுக்குகள் இருந்தன. மூன்று நாள் கழித்து, ஜனவரி 26 அன்று இன்னொரு குழு அங்கே போனபோதும் மலை பொங்கிக்கொண்டுதான் இருந்தது.

சரி, சுனாமி வருமா? சாம்பல் நம் பக்கம் வருமா?

முதலில் ஒன்று: 2004 சுனாமிக்கும் பாரனுக்கும் சம்பந்தமே இல்லை. அது தட்டு கிழிந்து கடலடி உயர்ந்ததால் வந்தது.

எரிமலைகளால் சுனாமி வருவதுண்டு. 1883இல் இந்தோனேசியாவின் கிரகத்தோவா எரிமலை 36,000 பேருக்கு மேல் பலிகொண்டது, பெரும்பாலும் அலையால். 2018 டிசம்பர் 22 அன்று அதன் வாரிசான அனக் கிரகத்தோவாவின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்து, நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால் பாரனுக்கு அந்த ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். செங்குத்தாகக் கடலில் நிற்கும் எந்த எரிமலைக்கும் சரிவு ஆபத்து உண்டு.

ஆனால் பதிவான இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் பாரன் செய்ததெல்லாம் இளகிய பசால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கியதுதான். வாயு சேர்ந்து அடைபட்டுப் பெரிதாக வெடிக்கும் குணம் இந்தக் குழம்புக்குக் குறைவு. சாம்பலும் பெரும்பாலும் இரண்டு மூன்று கி.மீ. உயரத்துக்குள் கலைந்துவிடுகிறது. 1,480 கி.மீ. தள்ளி இருக்கும் நம் கரைக்கு அது கவலை இல்லை. கவலைப்பட வேண்டியவர்கள் அந்தப் பக்கம் பறக்கும் விமானிகளும், தீவை நெருங்கும் படகுக்காரர்களும்தான்.

யார் கண்காணிக்கிறார்கள்?

எரிமலைச் சாம்பல் பற்றி விமானங்களுக்கு எச்சரிக்கை தரும் டார்வின் மையம் (ஆஸ்திரேலியா) பாரனின் சாம்பலையும் கவனிக்கிறது. செயற்கைக்கோள்கள் தீவின் வெப்பத்தை அளக்கின்றன. வாய்ப்பு கிடைக்கும்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும், கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்களும் நேரில் பார்க்கின்றன. அண்மை ஆண்டுகளின் பல வெடிப்புகள் முதலில் தெரியவந்ததே செயற்கைக்கோள் காட்டிய வெப்பப் புள்ளியால்தான்.

நார்கொண்டமும் எரிமலைதானே? அது ஏன் வெடிப்பதில்லை?

பாரனுக்கு வடக்கே சுமார் 135 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. உயரம் 710 மீட்டர், பாரனைப் போல இரண்டு மடங்கு. உடம்பெல்லாம் காடு. அதன் பாறை ஆண்டிசைட், டேசைட் வகை, அதாவது சிலிக்கா கூடுதலான கெட்டிக் குழம்பு உறைந்தது. மனிதர் பார்த்து எழுதிய வெடிப்பு எதுவும் அதற்கு இல்லை. உலகில் வேறெங்கும் இல்லாத நார்கொண்டம் இருவாச்சிப் பறவை அங்கே வாழ்கிறது என்பதே அந்த மலை எவ்வளவு காலமாகக் காட்டைத் தாங்கி நிற்கிறது என்பதற்குச் சாட்சி.

பெயரில் ஒரு சுவாரசியம் உண்டு. நார்கொண்டம் என்பது "நரக குண்டம்" என்பதன் திரிபு என்று ஒரு கருத்து. பச்சைப் பசேலென்ற தீவுக்கு ஏன் நரகத்தின் பெயர்? அந்தப் பெயர் உண்மையில் நெருப்புக் கக்கும் பாரனுக்கு உரியது, கடல் வரைபடம் வரைந்தவர்கள் கைமாறி எழுதிவிட்டார்கள் என்கிறார்கள். நிரூபிக்க வழியில்லை, ஆனால் எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. அப்படியானால் கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முன்பே யாரோ பாரனின் நெருப்பைப் பார்த்துப் பெயரும் வைத்திருக்கிறார்கள் என்று ஆகிறதே.

அங்கே போகலாமா?

தீவு வனவிலங்குச் சரணாலயம். இறங்க அனுமதி இல்லை. வனத்துறை அனுமதியோடு படகில் போய்த் தொலைவிலிருந்து பார்க்கலாம். சுற்றியுள்ள கடல் தெளிவானது, முக்குளிப்பவர்கள் விரும்பிப் போகிறார்கள். கல் பொறுக்கிக்கொண்டு வரலாம் என்ற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்.

பாரன் என்றால் தரிசு. உண்மையிலேயே அங்கே ஒன்றும் வளர்வதில்லையா?

மேற்கு வாசல் பக்கமாக வருபவர்களுக்குக் கறுப்பு லாவாவும் கசடுக் குவியலும்தான் கண்ணில் படும். பெயர் வைத்தவர்கள் அதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். கிழக்கே சுற்றிப் போனால் பழைய சுவரின் வெளிச்சரிவில் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. புறாக்கள் உண்டு, வௌவால்கள் உண்டு, எலிகள் உண்டு, கரையில் நண்டுகள் உண்டு. எப்போதோ கப்பலில் வந்தவர்கள் விட்டுச்சென்ற ஆடுகளின் வம்சமும் அங்கே காட்டாடுகளாகத் திரிந்திருக்கிறது. உள்பக்கம் சாம்பல் கொட்டும்போது அவை வெளிச்சரிவுக்கு ஒதுங்கி, அடங்கியதும் திரும்பி வந்து, லாவா இடுக்கில் மறுபடி முளைக்கும் புல்லை மேய்ந்திருக்க வேண்டும்.